கீழமாசி வீதிக்கு ஒரு சிட்டை

சுவிட்சர்லாந்து போனவர்கள் ஆல்ப்ஸ் மலையைப் பற்றி எழுதுகிறார்கள். சிங்கப்பூர் போனவர்கள் அங்கே எச்சில் துப்ப முடியாததைப் பற்றி எழுதுகிறார்கள். நான் போனது கீழமாசி வீதி. மதுரை அண்ணா நகரில் என் வாடகை வீட்டிலிருந்து ஒரு நாலு கிலோமீட்டர் இருக்கும். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். இரண்டு மஞ்சப்பையும் ஒரு மளிகைச் சிட்டையும் இருந்தால் போதும்.

இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்காதீர்கள். இருபத்தொன்பது வருஷமாக இதே ஊர்க்காரன் நான். சித்திரைத் தேர் பார்க்க அந்த வீதியில் கால் கடுக்க நின்றிருக்கிறேன். பருப்பு வாங்க ஒரு நாளும் நின்றதில்லை.

என்னை நிற்க வைத்தவள் என் மகள். அப்போது அவளுக்கு வயது எழுபது நாள்.

தாயும் பிள்ளையும் பெரியகுளத்திலிருந்து வந்து இறங்கிய அன்று, காரின் டிக்கியில் தொட்டில், வெந்நீர் அண்டா, கஸ்தூரி மஞ்சள், வசம்பு, கூடவே ஒரு சாக்கு நிறையப் பூண்டு. மாமியார் வீட்டுக்குப் பக்கத்து ஊர் வடுகபட்டி. பூண்டு வியாபாரத்துக்குப் பேர்போன ஊர்.

"மாப்ள... பால் குடுக்குற பிள்ளைக்குப் பூண்டு மட்டும் குறையவே கூடாதுங்க. காலையில பூண்டுப் பாலு, மத்தியானம் பூண்டுக் குழம்பு. முட்டை, கீரை, மீனு எதையும் விட்றாதீங்க" என்று சொன்னார். பத்து நாள் இருந்தார். பஸ் ஏறிவிட்டார். எனக்கு அந்தப் பத்து நாளில் நினைவிருப்பது வீடு முழுக்க அடித்த பூண்டு வாடை மட்டும்தான். வார்த்தை காதில் விழுந்தது, மண்டைக்குப் போகவில்லை.

மாசக் கடைசியில் கணக்குப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேராக இருந்தபோது மளிகை, காய்கறி, பால் எல்லாம் சேர்த்து 6,500 ரூபாயைத் தாண்டியதில்லை. இந்த மாசம் 13,240! வந்தது ஒரே ஒரு ஆள். நாலரைக் கிலோ எடை. பல்லே கிடையாது. தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் சாப்பிடுவதில்லை. எப்படி ஸார் மளிகை இரண்டு மடங்காகும்?

பில்லையெல்லாம் தரையில் பரப்பி வைத்துத் துப்பறிந்தேன். முதல் குற்றவாளி டயபர். ஒன்று 11 ரூபாய், ஒரு நாளைக்கு ஐந்து, மாசம் 1,650. அதற்குத் துணை போனது துடைக்கிற ஈரத்தாள். அடுத்து, திறக்காமலே அலமாரியில் உட்கார்ந்திருந்த ஒரு பால் பவுடர் டின். குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு விளம்பரமே செய்யக்கூடாது என்று நம் நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். விளம்பரம் இல்லாமல் எங்கள் வீட்டுக்குள் அது எப்படி நுழைந்தது? எதிர்வீட்டு அக்காவுக்கு எந்தச் சட்டமும் பொருந்தாது! "பால் பத்தலைன்னா என்ன செய்வே?" என்று ஒரு கேள்வி கேட்டார். நான் ராத்திரி ஒன்பது மணிக்கு ஓடினேன். டாக்டரம்மா மறுநாளே சொல்லிவிட்டார், "பிள்ளை நல்லா வளர்றா. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணிகூட வேண்டாம்."

இதெல்லாம் சேர்ந்தும் மிச்சத்துக்குக் கணக்கு வரவில்லை. பிறகுதான் பிடிபட்டது. ராத்திரி பிள்ளையைத் தோளில் போட்டு உலாத்தும்போது இன்னொரு கையில் செல்போன். சீனி இல்லையா, தட்டு. ரவை இல்லையா, தட்டு. கால் கிலோ, அரைக் கிலோவாக வந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கொண்டு வருகிற கூலி தனி. ரவை தீரவில்லை என்று மறுநாள் காலையில்தான் தெரியும்.

ஆபீசில் பக்கத்து சீட் பெரியவரிடம் புலம்பினேன். ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருந்தது அவருக்கு. மூன்று பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக் கொடுத்தவர்.

"ஏன்யா, மதுரையில இருந்துக்கிட்டு பாக்கெட்டுப் பருப்பு வாங்குறியா? வெளிய சொல்லாத. காய்க்கு உழவர் சந்தை, பலசரக்குக்குக் கீழமாசி வீதி, கூட ரேஷன் கார்டு. இந்த மூணும் இல்லாம எவன்யா மதுரையில குடித்தனம் பண்றான்?"

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் கட்டப் பயணம்.

எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான் அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை இதுதான். 1999 நவம்பர் 14 அன்று கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது திறந்தது. இந்தப் பெருமைக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, நான் கத்தரிக்காயைப் பாலிதீன் உறையில் போட்டு ஸ்டிக்கர் ஒட்டி வாங்கியிருக்கிறேன்!

உள்ளே நுழைந்ததும் விலைப் பலகை. அன்றைய விலையைக் காலையிலேயே எழுதிவிடுகிறார்கள். விற்கிறவர்களிடம் விவசாயி என்பதற்குப் போட்டோ ஒட்டிய அட்டை இருக்கிறது. கடைக்கு வாடகை கிடையாது, தராசும் சந்தையிலேயே தருகிறார்கள். நடுவில் தரகு இல்லாததால் விலை வெளிக்கடையைவிடக் குறைவு. நான் பலகையைப் பார்த்து, செல்போனில் கூட்டிப் பெருக்கி, கடைசியில் ஒரு அம்மாவிடம் பேரம் பேச வாயைத் திறந்தேன்.

"பலகையில போட்டதுதாண்ணே வெலை. பேசணும்னா பத்து மணிக்கு மேல வாங்க. அப்ப மிச்சம் கெடக்கும், நானும் வீட்டுக்குக் கெளம்பணும். ஆனா நல்ல காய் இருக்காது" என்றார்.

வியாபாரத்தைப் பற்றி ஒரு வருஷம் காலேஜில் படித்ததை இரண்டு வரியில் முடித்துவிட்டார். முருங்கைக்கீரை ஒரு கட்டு கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு கட்டைச் சும்மா தூக்கிப் பையில் போட்டார். "தாய்க்காரிக்கு நல்லது, கொண்டு போங்க."

இரண்டாம் கட்டம் பத்து மணிக்கு. குருவிக்காரன் சாலைப் பாலத்தில் வைகையைத் தாண்டினேன். (ஆற்றில் தண்ணீர் இருந்ததா என்று கேட்கக் கூடாது. மதுரைக்காரனிடம் அது மரியாதை இல்லை.) கீழவாசல் வந்து விளக்குத்தூண். கோட்டைச் சுவரை இடித்து ஊரை அகலப்படுத்திய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக வைத்த தூண் அது. தூணைத் தாண்டினால் கீழமாசி வீதி.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று தமிழ் மாசங்களின் பெயரில் வீதிகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். தேர் ஓடுவது மாசி வீதிகளில். அது நிற்கிற தேரடி இந்தக் கீழமாசி வீதியில்தான். வருஷத்தில் ஒரு நாள் இங்கே அம்மன் தேர் நகரும். மற்ற நாளெல்லாம் மூட்டைதான் நகரும். தலையில் மூட்டை, தோளில் மூட்டை, தள்ளுவண்டியில் மூட்டை. "ஏய் ஓரம்... ஓரம்... ஓரம் போப்பா!" இதுதான் அந்த வீதியின் பாட்டு. ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடி இருபது நிமிஷம் சுற்றினேன். நீங்கள் போனால் தள்ளி எங்காவது நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

வாசனை ஒன்று இருக்கிறது. வத்தல் நெடி, சீரகம், பெருங்காயம், சாக்கு வாடை எல்லாம் கலந்தது. உள்ளே போனதும் மூன்று தும்மல். அது டிக்கெட் மாதிரி. தும்மாமல் யாரையும் விடுவதில்லை போல.

ஒரு கடைக்காரர் வெள்ளைச் சட்டையில், ஏடு மாதிரி நீளமான நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன வேணும் தம்பி?"

"துவரம்பருப்பு, அண்ணாச்சி."

"எத்தனை சிப்பம்?"

"மூணு... கிலோ."

நிமிர்ந்து பார்த்தார். ஏளனம் இல்லை, பரிதாபம்தான். "சில்லறை அங்கிட்டு, நாலு கடை தள்ளி" என்று கை காட்டினார். இதுதான் கீழமாசி வீதியின் முதல் பாடம். மொத்தக் கடைகளில் மூட்டையாகத்தான் பேச்சு. நடுநடுவே கிலோக்கணக்கில் கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன. நாம் தேட வேண்டியது அதை.

அந்தக் கடை அண்ணாச்சி பொறுமைசாலி. குத்தூசியைச் சாக்கில் செருகி, உள்ளங்கையில் பருப்பைக் கொட்டிக் காட்டினார். "இது நம்ம நாட்டுப் பருப்பு. இது பர்மா. இது ஆப்பிரிக்காவுல இருந்து வர்றது. வேகுறதுக்கு நேரம் வித்தியாசப்படும், வெலையும் வித்தியாசப்படும்." அப்படியே மைசூர்ப் பருப்பைக் காட்டி, "இது கனடா" என்றார். நின்ற இடத்தில் மூன்று வெளிநாடு பார்த்துவிட்டேன். இதற்கு மேல் என்ன ஸார் பயணக் கட்டுரை?

குண்டு வத்தல் ராமநாதபுரத்துச் சரக்கு. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. "மல்லி கொடுங்க" என்றதும் நல்லவேளை அவர் பூக்கடைக்கு அனுப்பவில்லை. மதுரையில் மல்லி என்றால் கட்டினவளுக்கு ஒன்று, கட்டினவள் அரைக்கிற குழம்புக்கு இன்னொன்று!

அரிசிக்கு ஒரு ரகசியம் சொன்னார். மூட்டை ஏன் 26 கிலோவாக இருக்கிறது என்று கேட்டேன். 2022 ஜூலையில், 25 கிலோ வரை பையில் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததாம். அதன் பிறகுதான் 26 கிலோ மூட்டை பிறந்ததாம். ஒரு கிலோவில் வரியைத் தாண்டிக் குதித்திருக்கிறார்கள். சாக்கைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கிற சரக்குக்கும் அந்த வரி இல்லை. பாக்கெட்டுக்கும் சாக்குக்கும் விலை வித்தியாசத்தில் இதுவும் ஒரு பங்கு.

அன்று துவரம்பருப்பில் மட்டும் கிலோவுக்கு 38 ரூபாய் மிச்சம். தலைகால் புரியவில்லை எனக்கு. பத்துக் கிலோ உளுந்து எடுத்தால் கிலோவுக்கு இன்னும் 12 ரூபாய் குறையும் என்றார். எடுத்தேன். மூன்று பேர் உள்ள வீட்டில், ஒருத்திக்குப் பல் இல்லாத நிலையில், பத்துக் கிலோ உளுந்து! மூணாவது வாரம் டப்பாவைத் திறந்தால் வண்டுகள் குடும்பத்தோடு குடியிருந்தன. மொட்டை மாடியில் வெயிலில் பரப்பி, வேப்பிலை போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டு விரட்டினேன். மிச்சம் பிடித்த 120 ரூபாய்க்கு ஒரு லீவு நாள் போச்சு.

அதற்குப் பிறகுதான் ஆபீசில் நாலு பேர் கூட்டுச் சேர்ந்தோம். ஒரு சிப்பம் வாங்கி நாலாகப் பிரிப்பது. மாசத்துக்கு ஒருத்தர் போவது. பெட்ரோலும் அலைச்சலும் நாலில் ஒரு பங்கு. புதுசாக அப்பா ஆகியிருக்கிற சகோதரர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடிய யோசனை இது ஒன்றுதான்.

ரேஷன் கடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் நிற்கத் தெரிந்தால் போதும். ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கு வாங்கினேன். அரிசி இலவசம், அதை இட்லிக்குப் போட்டோம். பூப்போல வந்தது. பாப்பாவின் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்து அவள் பெயரையும் கார்டில் ஏற்றினேன். அரசாங்க ஏட்டில் எங்கள் வீட்டில் மூன்று பேர் என்று பதிவானதில் ஒரு சந்தோஷம்.

டயபருக்கு என் அம்மா வழி கண்டுபிடித்தார். என்னுடைய பழைய எட்டு முழ வேட்டிகள் மூன்றும் ஒரே மத்தியானத்தில் இருபத்துச் சொச்சம் துண்டாயின. பகலில் வேட்டித் துணி, ராத்திரிக்கும் வெளியில் போகவும் மட்டும் டயபர். 1,650 ரூபாய் 660-ஆகக் குறைந்தது. துவைக்கிற வேலை யாருக்கு என்று கேட்கிறீர்களா? வேட்டி யாருடையதோ அவருக்கே!

நாலாம் மாசம் மொத்தம் 9,400. ஐந்தாம் மாசம் 8,100.

நான் சும்மா இருந்திருக்கலாம். அடுப்படிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, மாசாமாசம் தொகையை சிவப்பு மையில் எழுதினேன். ஒவ்வொரு தடவை குறையும்போதும் இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா, எப்படி!" என்பேன். சிரிப்பாள். ஆபீசில் நாலு பேருக்கு வடை வாங்கிக் கொடுத்தேன், சிக்கனத்தைக் கொண்டாட!

ஐந்தாம் மாசக் கடைசியில் ஒரு புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, பாப்பாவை எடை பார்க்க அங்கன்வாடிக்குக் கூட்டிப் போனோம். நர்ஸம்மாவும் வந்திருந்தார். பாப்பாவை எடை போட்டு, அட்டையில் புள்ளி வைத்து, "பிள்ளை ஜோரா இருக்கு" என்றார். பெருமையாக நின்றேன். பிறகு அவர் இவளைப் பார்த்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார்.

"பிள்ளை தனக்கு வேணுங்கிறதை உங்கிட்ட இருந்து எடுத்துக்கிருச்சும்மா. நீ எதுல இருந்து எடுத்துக்கிட்டே? என்ன சாப்புடுறே?"

இவள் என்னைப் பார்க்கவில்லை. "எல்லாம் சாப்புடுறேன்" என்றாள்.

"பால் குடுக்குறவளுக்கு முதல் ஆறு மாசம் தினம் அறுநூறு கலோரி கூட வேணும். மத்தவங்க சாப்புடுறதுக்கு மேல இன்னொரு வேளைச் சாப்பாடுன்னு வச்சுக்க. இரும்புச்சத்து மாத்திரை போடுறியா? நாளைக்கே வந்து ரத்தம் பாரு" என்றார். அங்கன்வாடி டீச்சர், "பால் குடுக்குற அம்மாக்களுக்கு இங்க சத்துமாவு குடுக்குறோமே, நீங்க வாங்க வரவே இல்லையே" என்றார். நமக்கெல்லாம் தருவார்களா என்று கேட்கக் கூச்சப்பட்டு நாங்கள் போகவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய சிட்டைகளை எடுத்தேன். ஆணியில் குத்தி வைத்திருந்தது எல்லாம். முதல் சிட்டையில் முட்டை 30. அடுத்ததில் 30-ஐ அடித்து 15. அதற்கடுத்ததில் 6. பூண்டு ஒரு கிலோ, அரைக் கிலோ, கால் கிலோ. பேரீச்சம்பழம் அடித்திருந்தது. வேர்க்கடலை அடித்திருந்தது. பால்காரர் அட்டையில் ஒரு லிட்டர் அரை லிட்டராகியிருந்தது. எல்லாம் இவள் கையெழுத்து. கீழே, அடிக்காமல், வரிக்கு வரி பத்திரமாக இருந்தது என் கையெழுத்து: மிக்சர் ஒரு கிலோ, காராச்சேவு அரைக் கிலோ, கூல்டிரிங்க்ஸ் இரண்டு லிட்டர்.

கீழமாசி வீதி வரைக்கும் போய் பர்மாவையும் ஆப்பிரிக்காவையும் பார்த்து வந்தவன், கையிலே இருந்த சிட்டையை ஒரு நாளும் பார்க்கவில்லை.

"ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"நீங்கதான் தொகை குறைஞ்சா அவ்வளவு சந்தோஷப்படுறீங்களே" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

காலண்டர் பக்கத்துத் தாளைக் கிழித்துப் போட்டேன். ரத்தம் பார்த்ததில் கொஞ்சம் குறைவுதான். மாத்திரையும் சாப்பாடும் போதும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை, சிட்டையை நானே எழுதினேன். மேலே முதல் வரியில் பூண்டு ஒரு கிலோ. பிறகு வேர்க்கடலை, பாசிப்பயறு, பேரீச்சம்பழம், கருப்பட்டி. முட்டை 30, பால் ஒரு லிட்டர் என்று மற்றவர்களுக்குத் தனியாகச் சொல்லியாயிற்று. பாப்பாவுக்கு ஆறு மாசம் முடிந்து கூழ் ஆரம்பிக்கப் போவதால் கேழ்வரகு இரண்டு கிலோ. மிக்சர், காராச்சேவு, கூல்டிரிங்க்ஸ் மூன்றுக்கும் பெரிய பூஜ்யம். ராத்திரிப் பரோட்டாவையும் மாசம் இரண்டாகக் குறைத்தேன். மதுரைக்காரன் பரோட்டாவைக் குறைப்பது எப்பேர்ப்பட்ட தியாகம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. விட்டுவிடுங்கள்.

அண்ணாச்சி சிட்டையை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார். "பூண்டு ஒரு கிலோவா? வெலை ஏறிக் கெடக்கே தம்பி. மலைப்பூண்டு இன்னும் கூட. சின்னப் பல்லு தரவா, கொறைவா வரும்?"

"எது நல்லதோ அதைக் குடுங்க."

"வீட்டுல பால் குடுக்குறாங்களோ?"

தலையாட்டினேன். பையனைக் கூப்பிட்டு உள்ளே இருந்து வேறு ஒரு சாக்கைப் பிரிக்கச் சொன்னார். அந்த மாசம் மொத்தம் 9,650.

வீட்டில் மஞ்சப்பையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இவள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பூண்டை முகர்ந்து பார்த்து, "எங்க ஊர்ப் பூண்டு மாதிரியே இருக்கு" என்றாள். பையின் அடியில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. பிரித்தால் மிக்சர். நான் எழுதவில்லையே என்று சிட்டையை எடுத்துப் பார்த்தேன். நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் எழுதியிருக்கிறாள். கேழ்வரகுக்குக் கீழே, பொடி எழுத்தில்: மிக்சர் 200 கிராம்.